கைக்கடக்கமான இரும்பு

ஆந்தைத் தலை பொறித்த கறுப்புக் கைப்பிடி, நிக்கல் முலாம் பூசிய சின்ன உருளை, விரல் நீளத்துக்கு ஒரு குழல். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஐவர் ஜான்சன் கம்பெனி செய்து தள்ளிய மலிவு ரிவால்வர்களைப் படத்திலாவது பார்த்தவர்களுக்கு அந்த ஆந்தை மறக்காது. வளர்ந்த ஆள் பிடித்தால் கைப்பிடி உள்ளங்கைக்குள் மறைந்துவிடும். சுண்டுவிரலுக்கு இடம் இருக்காது. அந்தக் கறுப்பு மரமும் அல்ல, கொம்பும் அல்ல. கெட்டி ரப்பர். ரப்பரில் கந்தகத்தை நிறையக் கலந்து நெடுநேரம் சூடாக்கினால் அது தன் இழுவையை விட்டுக் கல்லாய் இறுகும். சீப்பு, பேனா, சுங்கானின் வாய்முனை, மலிவுத் துப்பாக்கியின் கைப்பிடி என்று 19ஆம் நூற்றாண்டில் பலவற்றையும் இதில்தான் செய்தார்கள்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கோலகங்சாரில் மாவட்ட நில அலுவலகத்தருகே வேலி போட்டுக் காக்கப்படும் ரப்பர் மரம் ஒன்று நிற்கிறது. 1877இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்டாக வந்த ஹியூ லோ காலத்தில் அங்கே நடப்பட்ட ஒன்பது கன்றுகளில் மிஞ்சியது அது. அமெரிக்காவில் மலிவு ரிவால்வர் வியாபாரம் சூடுபிடித்திருந்த பத்தாண்டும் அதுதான். பேராக்கில் 1874இல் பிரிட்டிஷாருடன் பங்கோர் உடன்படிக்கை ஆயிற்று. 1875 நவம்பரில் முதல் ரெசிடென்ட் பர்ச் பாசிர் சாலாக்கில் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார். அதற்கு இரண்டு ஆண்டு கழித்து இந்தக் கன்றுகள். அப்போது துப்பாக்கிக் கைப்பிடிக்கான ரப்பர் அமேசான் காட்டிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. அடுத்த நூற்றாண்டு பிறந்து முப்பது ஆண்டுக்குள் எல்லாம் தலைகீழ். மலாயா ரப்பரின் மிகப் பெரிய வாடிக்கைக்காரர் அமெரிக்கா. பிற்காலத்து ஆந்தைகளில் சிலவற்றுக்காவது, சுங்கை சிப்புட்டிலும் பத்து காஜாவிலும் விடியுமுன் லயத்தை விட்டிறங்கிய தமிழர் வெட்டிய பால் போயிருக்கலாம். ஊகம்தான். ஆனால் பேராக்கிலிருந்து அந்தத் துப்பாக்கியை நெருங்கிப் பார்க்க இதைவிடக் கிட்டிய பாதை வேறில்லை.

அந்த மலிவு ரிவால்வர்களில் போட்ட, ரிம்ஃபயர் எனப்படும் விளிம்புத் தோட்டாவின் சூட்சுமம் எளிது. செம்பிலோ பித்தளையிலோ செய்த சிறு குப்பி. அதன் அடியில் சுற்றிவர ஒரு மடிப்பு. அடிபட்டால் பொறியும் கலவையை ஈரமாக வைத்துச் சுழற்றி அந்த மடிப்புக்குள் பரப்பிவிடுவார்கள். அதன்மேல் மருந்து, மருந்தின்மேல் ஈயக் குண்டு. சுத்தி குப்பியின் நடுவில் அடிப்பதில்லை, ஓரத்தில் அடிக்கிறது. மடிப்பு நசுங்கினால் கலவை பொறிந்து மருந்து பற்றிக்கொள்ளும். தீபாவளிக்குப் பிள்ளைகள் கல்லால் குத்தி வெடிக்கும் பொட்டுவெடிக்கும் இதற்கும் கொள்கையில் வேறுபாடு கிடையாது. 1845இல் பாரிஸில் ஃப்ளோபேர் செய்ததும் ஏறக்குறைய இதுவே: வெடிக்கும் தொப்பி ஒன்றின் வாயில் ஒரு சின்னக் குண்டைச் செருகினார். பணக்கார வீடுகளின் கூடத்தில், விருந்துக்குப் பின் குறி வைத்து விளையாடுவதற்கான சாமான் அது. யாரையும் சுடுவதற்கல்ல.

நசுங்க வேண்டிய குப்பி மென்மையாக இருந்தாக வேண்டும். மென்மையான குப்பி பெரிய மருந்தைத் தாங்காது. ஒருமுறை சுட்டதை மறுபடி நிரப்பவும் முடியாது. இவை இரண்டும் குறைகள். தோட்டாவை மலிவாக்கியதும் இந்த இரண்டு குறைகளே.

1857இல் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் இந்தத் தோட்டாவுக்கென ஒரு ரிவால்வரை விற்பனைக்கு விட்டது. .22 அளவு, ஏழு குண்டு. அதுவரை ரிவால்வர் என்றால் மருந்தையும் குண்டையும் தனித்தனியே இட்டுக் கெட்டித்து, பின்னால் தொப்பி மாட்டும் வேலை. மழையில் நனைந்தால் அதுவும் வீண். உருளையைப் பின்னாலிருந்து முன்வரை நேராகத் துளைத்து, பின்புறமாகத் தோட்டாவைப் போடலாம் என்ற யோசனைக்கு ரோலின் ஒயிட் என்பவர் 1855இல் காப்புரிமை வாங்கி வைத்திருந்தார். துப்பாக்கி ஒன்றுக்கு 25 சென்ட் என்று பேசி ஸ்மித் அண்ட் வெஸன் அதை எடுத்துக்கொண்டது. ஒப்பந்தத்தில் ஒரு கண்ணி இருந்தது. யாராவது காப்புரிமையை மீறினால் வழக்காடுவது ஒயிட்டின் பொறுப்பு. மீறியவர்கள் ஏராளம். வந்த பணத்தில் பெரும்பகுதி கோர்ட்டுப் படிகளில் கரைந்தது. அவருக்கு நிவாரணம் தர வந்த மசோதாவையும் 1870இல் ஜனாதிபதி கிராண்ட் ஒப்பமிடாமல் திருப்பி அனுப்பிவிட்டார். கண்டுபிடித்தவனைவிட அதை வாங்கியவன் கெட்டிக்காரன் என்பதற்கு உலகெங்கும் உதாரணம் உண்டு, இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

காப்புரிமை 1869இல் காலாவதியானது. மடை திறந்துகொண்டது. ஹாப்கின்ஸ் அண்ட் ஆலன், ஃபோர்ஹேண்ட் அண்ட் வாட்ஸ்வர்த், ஐவர் ஜான்சன் என்று நியூ இங்கிலாந்து வட்டாரப் பட்டறைகள் விளிம்புத் தோட்டா ரிவால்வர்களை வார்த்துக் குவித்தன. பலவற்றில் செய்தவர் பெயரே இருக்காது. அதற்குப் பதிலாக ‘டிஃபெண்டர்’, ‘ரெட் ஜாக்கெட்’, ‘லிட்டில் ஜயண்ட்’, ‘டிராம்ப்ஸ் டெரர்’, ‘ஸ்வாம்ப் ஏஞ்சல்’ என்று கேட்டவுடன் மிரளவைக்கும் ஒரு பெயர் குழலின்மேல் பொறித்திருக்கும். கேட்கிற கடைக்காரருக்கு அவர் விரும்பும் பெயரைப் பொறித்துக் கொடுப்பதும் உண்டு. பெயர்தான் முரட்டுத்தனம். சாமானோ பத்தடிக்கு அப்பால் எங்கே போகிறதென்று சுடுபவருக்கே தெரியாது. ஓரிரு டாலருக்கு இரும்புக் கடையில் ஆணியோடும் பூட்டோடும் சேர்த்து வாங்கலாம், தபாலில் வரவழைக்கலாம். சியர்ஸ் கம்பெனி தன் பட்டியலிலிருந்து கைத்துப்பாக்கிகளை நீக்கியது 1924இல்தான். தபாலில் அனுப்பத் தடை வந்தது 1927இல்.

இவற்றில் ஒன்றைப் பிரித்துப் போட்டால் பாகங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். விசைக்குக் காப்பு வளையம் கிடையாது. சட்டத்திலிருந்து ஒரு முளைபோல் துருத்திக்கொண்டிருக்கும். சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்தால், அதோடு பிணைந்த சின்ன நெம்பு ஒன்று மேலெழுந்து உருளையின் பின்புறப் பல்லைத் தள்ளும். உருளை ஏழில் ஒரு பங்கு திரும்பும். கீழிருந்து ஒரு தாழ் எழுந்து பள்ளத்தில் விழுந்து அதை நிறுத்தும். தாழ் தேய்ந்துவிட்டால் துளையும் குழலும் நேர்கோட்டில் வராது. சுடும்போது ஈயத்தில் ஒரு சீவல் பக்கவாட்டில் தெறிக்கும். காலிக் குப்பியை வெளியே தள்ளத் தனிக் கம்பி வைக்கவும் செய்தவருக்கு மனமில்லை. உருளையின் அச்சாணியையே உருவி, அதனால் ஒவ்வொன்றாகக் குத்தித் தள்ள வேண்டும். எதிரே நிற்பவன் அதுவரை காத்திருப்பான் என்று நம்பிச் செய்த ஏற்பாடு.

இத்தனை மட்டமான ஒன்றின்மேல் ஆசை ஏன் வருகிறது? அமெரிக்காவில் இவற்றைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் கோல்ட் கம்பெனியின் ரிவால்வர் வாங்க வசதியில்லாதவர்கள். நல்ல நிலையிலுள்ள பழைய கோல்ட் ஒன்றின் விலைக்கு இவற்றைப் பெட்டி பெட்டியாக வாங்கலாம். ஆனால் சிக்கனம் மட்டுமே காரணமாக இருக்க முடியாது. பெயர் போட்ட துப்பாக்கியைப் பற்றி எல்லாம் எழுதியாகிவிட்டது. பெயரில்லாத இதில் துப்புத் துலக்க இடமிருக்கிறது. உருளையில் பள்ளம் வெட்டிய விதத்தையும், கைப்பிடியில் பூ வார்த்த விதத்தையும் வைத்து இது இந்தப் பட்டறை என்று ஊகிப்பதில் ஒரு போதை உண்டு. ஒடிந்த சுருளைத் தானே வளைத்துப் போட்டு ஓடவைத்துவிடலாம். நெம்பும் தாழும் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தே விளங்கிக்கொள்ளலாம். கைப்பேசியின் மூடியைக்கூடத் திறக்க முடியாத காலத்தில் இது சின்ன விஷயமில்லை.

சட்டமும் ஒத்தாசை செய்கிறது. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் 1898இலோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கிகளைப் பழம்பொருள் என்று ஒதுக்கி வைக்கிறது. .32, .41 அளவு விளிம்புத் தோட்டாக்களைப் பெரிய ஆலைகள் கைவிட்டு வெகுகாலம் ஆகிறது. ஆகவே அந்தத் துப்பாக்கிகள் பலவும் இன்று வாயடைத்தவை. .22 மட்டும் இன்னும் எங்கும் கிடைக்கிறது. இன்றைய .22 தோட்டாவை அந்தக் கால வார்ப்பிரும்பில் போட்டுச் சுடுபவர், குண்டுக்கு முன்னால் தன் விரல்களை அனுப்பி வைக்கத் தயாராக இருக்க வேண்டும்.

மலிவின் மறுபக்கமும் உண்டு. 1901 செப்டம்பரில் ஜனாதிபதி மெக்கின்லியைச் சுட்ட லியோன் சோல்கோஷ், பஃபலோ நகரின் கடையொன்றில் நாலரை டாலர் கொடுத்து வாங்கியது ஐவர் ஜான்சன் ரிவால்வர்; .32 அளவு, நடுவில் அடிபடும் வகை. 1968 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் ஹோட்டல் சமையல்கட்டில் ராபர்ட் கென்னடியைக் கொன்றது அதே கம்பெனியின் எட்டுக் குண்டு ரிவால்வர். இது விளிம்புத் தோட்டாவே, .22. 1981இல் ரீகனைச் சுட்ட ஹிங்க்லியின் கையிலிருந்ததும் அடகுக்கடையில் வாங்கிய மலிவு .22. கூடத்தில் விளையாடச் செய்த தோட்டா எவ்வளவு தூரம் வந்துவிட்டது! மட்டமான துப்பாக்கி குறிதவறும் என்பது பத்தடிக்கு அப்பால் நிற்பவருக்கான ஆறுதல்.

இந்தப் பழைய மலிவு ரிவால்வர்களுக்கு ‘சூசைட் ஸ்பெஷல்’ என்ற பட்டப்பெயரை அச்சில் ஏற்றியவர் டங்கன் மெக்கானல். ‘அமெரிக்கன் ரைஃபிள்மன்’ இதழில், 1948இல். கேலியும் செல்லமும் கலந்த பெயர். துப்பாக்கிகள் பழசாகிவிட்டன, பயம் போய்விட்டது, இனி சேர்த்து வைத்து ரசிக்கலாம் என்று ஒரு நாட்டுக்குத் தோன்றிய ஆண்டு அது.

அதே 1948, ஜூன் 16, புதன்கிழமை. காலை எட்டரை மணியளவில் சுங்கை சிப்புட்டின் எல்ஃபில் தோட்ட அலுவலகத்துக்குச் சைக்கிளில் வந்த மூன்று இளைஞர்கள் மேனேஜர் ஆர்தர் வாக்கரைச் சுட்டுக் கொன்றார்கள். சிறிது நேரத்தில், சில மைல் தள்ளியிருந்த ஃபின் சூன் தோட்டத்தில் ஜான் அலிசனும் இருபத்தோரு வயது இயன் கிறிஸ்டியனும் நாற்காலியில் கட்டப்பட்டுச் சுடப்பட்டார்கள். இரண்டு நாளில் மலாயா முழுவதும் அவசர காலம். அது முடியப் பன்னிரண்டு ஆண்டு பிடித்தது. ஜப்பானியர் காலத்தில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கென்று பிரிட்டிஷார் விமானத்திலிருந்து இறக்கிய ஆயுதங்களில் ஒரு பகுதி யுத்தத்துக்குப் பின் திரும்பி வராமல் காட்டில் புதைக்கப்பட்டிருந்தது. கொடுத்தவர்களை நோக்கியே அவை திரும்பின.

அவசர காலம் வந்த பிறகு தோட்டத் தமிழர் கண்ணில் துப்பாக்கி தினசரிக் காட்சியாயிற்று. துரையின் இடுப்பில் ஒன்று. பங்களா வாசலிலும் தோட்டத்துக் கேட்டிலும் காவல் நிற்கும் சிறப்புக் காவலர் தோளில் ஒன்று. லயங்களை ஒன்றுசேர்த்து முள்கம்பி கட்டினார்கள். பால் வெட்டப் போகிறவர் கேட்டில் நின்று சோதனை கொடுக்க வேண்டும். ஒரு பிடி அரிசி கூடுதலாக இருந்தாலும் காட்டுக்குப் போகிறதோ என்று கேள்வி வரும். இவ்வளவு துப்பாக்கிகளுக்கு நடுவில் ஒன்றைக்கூடத் தொட அனுமதியில்லாதவர் பால் வெட்டுகிறவர்தான். அவர் கையில் இருந்த இரும்பு பால் கத்தி.

தொட்டால் என்ன ஆகும் என்று 1948 ஜூலையில் சட்டம் சொல்லிவிட்டது. அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு. சுட்டிருக்க வேண்டியதில்லை. அவசர காலச் சட்டத்தில் தூக்கிலேற்றப்பட்டவர்கள் இருநூறுக்கும் மேல்.

அவர்களில் தமிழர் மறக்காத பெயர் எஸ்.ஏ. கணபதி. தஞ்சை மாவட்டம் தம்பிக்கோட்டையில் 1912இல் பிறந்து, சிறு வயதில் இங்கே வந்தவர். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தார். அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். 1948இல் சம்மேளனத்தின் பதிவு ரத்தானதும் தலைமறைவு. 1949 மார்ச் தொடக்கத்தில் ரவாங் அருகே வாட்டர்ஃபால் தோட்டத்தில் பிடிபட்டபோது அவரிடம் ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும் இருந்தன என்பது குற்றச்சாட்டு. அந்தத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கத்தான் போய்க்கொண்டிருந்தேன் என்றார் அவர். கோர்ட்டு நம்பவில்லை. பிடிபட்டு இரண்டு வாரத்தில் தீர்ப்பு. நேரு அரசாங்கம் தண்டனையைக் குறைக்கக் கேட்டது, மலாயா இந்திய காங்கிரஸின் (ம.இ.கா.) முதல் தலைவராக இருந்து, அப்போது இந்தியாவின் பிரதிநிதியாக மலாயாவில் இருந்த ஜான் திவி அலைந்தார். மே 4ஆம் தேதி விடிகாலையில் புடு சிறையில் தூக்கு நிறைவேறியது. அதற்கு முந்திய நாள் அவருடைய சங்கத் தோழர் வீரசேனன் ராணுவத்தின் துப்பாக்கிச் சூட்டில் இறந்திருந்தார்.

ஒரு ரிவால்வர், ஆறு தோட்டா. பஃபலோ நகரத்து இரும்புக் கடையில் நாலரை டாலர். மலாயாவில் அதன் விலை வேறு. துப்பாக்கிக்கு விலை போடுவது கடைக்காரர் அல்ல, சட்டம். சட்டத்தின் பின்னால் நிற்கும் பயம்.

கணபதியோடு சேர்த்துப் பேசவேண்டிய இன்னொரு பெயர் சம்பாசிவம். அவரும் தமிழர், ஜொகூர் வழக்கு. 1948 செப்டம்பரில் நடந்த சம்பவத்துக்காக ரிவால்வர் வைத்திருந்தது ஒன்று, தோட்டாக்கள் வைத்திருந்தது ஒன்று என இரண்டு குற்றச்சாட்டுகள். முதல் விசாரணையில் தோட்டாக் குற்றத்திலிருந்து விடுதலை. ரிவால்வர் குற்றத்துக்கு மறு விசாரணை. மறு விசாரணையில் அரசுத் தரப்பு நம்பியிருந்தது அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு வாக்குமூலத்தை. அதில் ரிவால்வரும் இருந்தது, தோட்டாக்களும் இருந்தன. தூக்குத் தண்டனை விழுந்தது. லண்டன் பிரிவி கவுன்சில் 1950இல் அதை ரத்து செய்தது. ஒருவர் விடுதலையான விஷயத்தை அவர் செய்யவே இல்லையென்று கொள்ள வேண்டும். அதே விஷயம் அடங்கிய வாக்குமூலத்தை வைத்து இன்னொரு குற்றத்தை நிரூபிக்கப் பார்ப்பது செல்லாது என்றார் லார்ட் மெக்டர்மட். தோட்டாவும் துப்பாக்கியும் வெவ்வேறு குற்றங்களாகப் பிரிக்கப்பட்ட தற்செயலில் ஓர் உயிர் தப்பியது. பொதுச் சட்டம் ஓடும் நாடுகளில் சட்டம் படிக்கிறவர்கள் அந்தப் பெயரை இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள்.

ஈப்போவுக்கும் இப்படியொரு வழக்கு உண்டு, துப்பாக்கிக்குப் பதில் கையெறி குண்டு. 1952இல் லீ மெங் என்ற இளம்பெண்ணை விசாரித்தபோது, நீதிபதிக்குத் துணையாக அமர்ந்த, ஆசியர்களான அசெஸர்கள் இருவரும் குற்றமில்லை என்றார்கள். நீதிபதி ஏற்காமல் மறு விசாரணைக்கு உத்தரவிட்டார். மறு விசாரணையில் அசெஸர்களில் ஒருவர் ஐரோப்பியர், தீர்ப்பு தூக்கு. உலகெங்கும் சத்தம் எழுந்தது. ஹங்கேரி அரசாங்கம் தன் சிறையிலிருந்த ஆங்கிலேயரைத் தந்து அவரை மாற்றிக்கொள்ள முன்வந்தது. 1953இல் பேராக் சுல்தான் தண்டனையை ஆயுளாகக் குறைத்தார்; பின்னாளில் லீ மெங் சீனாவுக்கு அனுப்பப்பட்டார்.

ஆயுதம் பழசாவதற்கு ஊர் ஒத்துழைக்க வேண்டும். பேராக் ஒத்துழைத்ததே இல்லை. 1960இல் அவசர காலம் முடிந்தது என்றார்கள்; 1975 நவம்பரில் மாநிலப் போலீஸ் தலைவர் கூ சோங் கோங் ஈப்போ நடுவீதியில் காருக்குள் சுட்டுக் கொல்லப்பட்டார். 2000 ஜூலையில் அல்-மாவுனா என்ற ஆயுதக் கூட்டம் ராணுவ முகாம்களிலிருந்து ஆயுதங்களை ஏமாற்றி அள்ளிக்கொண்டு கோலகங்சாரை அடுத்த சாவுக்கில் காட்டுக்குள் இருந்தபோது, பிடித்து வைக்கப்பட்டிருந்தவர்களில் இருவர் உயிர் போனது. ஒருவர் சகாதேவன் என்ற தமிழ்ப் போலீஸ்காரர். தலைமுறைக்கு ஒரு முறையாவது துப்பாக்கி இங்கே செய்தியாகிவிடுகிறது. அமெரிக்கச் சேகரிப்பாளருக்கு வாய்த்த நிம்மதியான மறதி இந்த மண்ணுக்கு வாய்க்கவில்லை.

இருந்தாலும் ஆசை சட்டத்தைக் கேட்டு வருவதில்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ரிவால்வர் வந்து சேர்ந்தது சினிமா வழியாக. தோட்டத்துத் திடலில் திரை கட்டிப் போட்ட படத்தில் வில்லன் சுழற்றிய சாமான் அது. அப்புறம் தகரத்தில் செய்த பொட்டுவெடித் துப்பாக்கி. அந்தச் சினிமாவே ஒருநாள் நிஜமாயிற்று. 1967 ஜனவரி 12 அன்று சென்னை ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்ட செய்தி மலேசியத் தோட்டங்களைச் சாவு வீடாக்கியது. வெப்ளி அண்ட் ஸ்காட் ரிவால்வர், .32, விளிம்புத் தோட்டா அல்ல. ஆனால் கிட்ட நின்று சுட்டும் எம்.ஜி.ஆரும் பிழைத்தார், அதே துப்பாக்கியின் குண்டு பாய்ந்த ராதாவும் பிழைத்தார். தோட்டாக்கள் பல ஆண்டு மேசை இழுப்பறையில் கிடந்து பழசாகி வேகம் இழந்திருந்தன என்பது அன்றிலிருந்து சொல்லப்படும் விளக்கம். எம்.ஜி.ஆர். குரல் மாறியது, கழுத்துக் கட்டோடு அச்சான சுவரொட்டி பரங்கிமலைத் தேர்தலில் பேசியது. ராதாவுக்கு ஏழாண்டு, மேல்முறையீட்டில் குறைந்தது. பழைய தோட்டாவுக்குத் தமிழ்நாட்டு அரசியல் கடன்பட்டிருக்கிறது என்றால் மிகையாகத் தோன்றும்; முழுப் பொய்யும் அல்ல. மணியாச்சியில் 1911இல் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனிடம் இருந்ததோ அன்றைக்குப் புத்தம்புதிதான பிரௌனிங்.

இன்றைய மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், 1971ஆம் ஆண்டுத் துப்பாக்கித் தண்டனை அதிகரிப்புச் சட்டமும் இருக்கின்றன. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தாலே 14 ஆண்டுவரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. கொள்ளையடிக்கும்போது கொல்லும் நோக்கத்தோடு சுட்டால் முன்பு கட்டாயத் தூக்கு. 2023 ஜூலை முதல் அந்தக் கட்டாயம் மட்டும் நீங்கியிருக்கிறது. போலித் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினாலும் பிரம்படி உண்டு. இது பாட்டன் காலத்துச் சாமான், சுடாது என்று சொல்லி நழுவ அமெரிக்காவில் உள்ளது போன்ற அகலமான கதவு இங்கே கிடையாது. செம்பனைக் காட்டில் பன்றி விரட்ட வேட்டைத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கியவர்களைக் கேட்டால் தெரியும். வாங்கும் தோட்டாவுக்கும் கணக்கு, சுட்டு முடிந்த தோட்டாவுக்கும் கணக்கு. ‘செனாப்பாங்’ என்று மலாய்ச் சொல்லால் அவர்கள் அதைச் சொல்லும்போது குரலில் பெருமையைவிடத் தலைவலிதான் கூடுதலாக இருக்கும்.

கடுமை தேவைதானா என்று கேட்டால், அமெரிக்காவின் துப்பாக்கிச் சாவுக் கணக்கைப் பார்த்த யாரும் இந்தச் சட்டத்தைச் சுலபமாகக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் கணபதியைத் தூக்கிலிட்டதும் இதே பயத்தின் பெயரால்தான். இரண்டும் உண்மை. ஒன்றை வைத்து மற்றதை அழிக்கப் பார்ப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

ஆகவே பேராக்கில் இந்த ஆசைக்கு வடிகால் வேறு. தைப்பிங்கில் 1883இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகத்தில் கிரீஸும் ஈட்டியும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. ஈப்போவின் ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் வேறு இரும்புகள் தரையில் விரித்துக் கிடக்கின்றன: பூட்டு, தராசு, பெட்ரோமாக்ஸ் விளக்கு, பித்தளை லைட்டர், முனை மழுங்கிய பால் கத்தி, கோப்பி அரைக்கும் இயந்திரம். விலை கேட்காமலே ஒவ்வொன்றையும் கையிலெடுத்து எடை பார்த்து, மூடியைத் திறந்து, சுருள் எப்படி வேலை செய்கிறதென்று குனிந்து பார்க்கிறவர்கள் இங்கும் இருக்கிறார்கள். மட்டமாகச் செய்யப்பட்டும் நூறாண்டு தாக்குப்பிடித்த ஒன்றை மலிவாக வாங்குவதில் உள்ள அந்தச் சின்னத் திருட்டுச் சந்தோஷம், பென்சில்வேனியாவில் பெயரில்லாத ரிவால்வரைத் தடவிப் பார்ப்பவருக்கும் இவர்களுக்கும் பொது.

தோட்டங்கள் துண்டாகி, செம்பனையாகி, வீடமைப்புத் திட்டமாகி வருகையில் பழைய பங்களாக்களும் கிராணி வீடுகளும் இடிபடுகின்றன. உள்ளே கிடைப்பதெல்லாம் லாரியேறி இந்தச் சந்தைக்குத்தான் வரும். எப்போதாவது ஓர் உத்தரத்துக்கு மேலிருந்து எண்ணெய்த் துணியில் சுற்றிய பொட்டலம் ஒன்று விழுந்து, அவிழ்த்தால் நிக்கல் உரிந்த சின்ன ரிவால்வராக இருந்துவிட்டால், அதற்குச் சந்தையில் இடமில்லை. எந்தப் பட்டறை, எந்த ஆண்டு என்று ஆராய்ந்துகொண்டிருக்கவும் நேரமில்லை. தொடாமல் வைத்துவிட்டுப் போலீஸைக் கூப்பிட வேண்டும். வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, யார் யார் கை பட்டது என்பதாக இருக்கும்.